பதனீர் நாளைக்கு நிற்காது

விடியுமுன் பனையிலிருந்து இறக்கிய பதனீரை வெயில் உறைப்பதற்குள் தாச்சியில் ஊற்றி அடுப்பேற்றிவிட வேண்டும். கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு கொஞ்ச நேரம்தான் அதைக் காப்பாற்றும். மத்தியானம் வரை போட்டு வைத்தால் நுரை கட்டும், பொழுது சாய்வதற்குள் புளித்துவிடும். அப்புறம் அது கருப்பட்டிக்கும் ஆகாது, குடிக்கவும் ஆகாது. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்துபோயிருந்தால் கள் இறக்கினாய் என்று கேஸ் வேறு வரும். 1987-ல் கள்ளுக்குத் தடை வந்த பிறகு அந்தப் பயம் எங்கள் ஆட்களை விட்டுப் போகவே இல்லை.

ஆகவே வனாந்தரத்து மன்னாவைப் பற்றி எங்களுக்கு யாரும் விளக்கிப் பிரசங்கிக்கத் தேவையில்லை. மறுநாளைக்கென்று எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாறிப்போயிற்று என்று யாத்திராகமத்தில் வாசிக்கிறபோது பட்டணத்துக்காரர்கள் அதிசயம் என்பார்கள். பனையேறி வீட்டுப் பெண்கள், அது அப்படித்தானே இருக்கும் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவோம்.

நான் கருப்பட்டி காய்ச்சுகிறவள். வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து, காய்ச்சுகிற ஓலைக் குடிசையான விடிலிதான் எனக்குப் பாதி வீடு. மெஞ்ஞானபுரத்துக்கும் உடன்குடிக்கும் இடையில், செம்மணல் தேரியின் ஓரத்தில் எங்கள் ஊர். மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி. தேரிக்காட்டு மேட்டில் நிற்கும் உயரமான பனை ஒன்றில் ஏறினால் கோபுரத்தின் முனை தெரியும் என்று வீட்டுக்காரர் சொல்வார். நான் ஏறிப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் பனையேறுவதில்லை. ஆனால் ஏறுகிறவர் இறங்கி வருகிறவரை கீழே இருக்கிறவளுக்கு உயிர் அந்தரத்தில்தான் தொங்கும்.

இந்தத் தொழிலில் எதுவும் நிச்சயம் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் மழை பொய்த்தால் தை மாதம் பாளை நோஞ்சானாக வரும். மழை நன்றாகப் பெய்து பாளை திரண்டு வந்தாலும், சித்திரையில் கோடை மழை இறங்கினால் கலயத்தில் மழைத் தண்ணீர் விழுந்து அன்றையப் பதனீர் கெடும். கூடவே மரமும் வழுக்கும். ஆடிக் காற்று முந்திக்கொண்டால் சீசன் பாதியில் முடிந்துவிடும். எல்லாம் கூடி வந்தாலும் விலையை நிர்ணயிக்கிறவர் வேறொருவர். மரம் பாட்டத்துக்கு எடுத்தது, பணம் வியாபாரியிடம் முன்கூட்டியே வாங்கியது, உடம்பு மட்டும்தான் நம்முடையது. இப்படிப்பட்ட பிழைப்பில் இருந்துகொண்டு கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்வதற்கு என்ன பொருள் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சபைப் போதகர்களான ஐயர்மார் அல்ல, என் மாமியார்தான். அவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். அவ்வளவுதான் படிப்பு.

காய்ச்சுகிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். கருப்பட்டியைக் கடையில் வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது.

கலயங்களிலிருந்து வந்த பதனீரைத் துணியில் வடிகட்டுவோம். எறும்பு, தேனீ, பாளைச் சிராய் எல்லாம் அதில் இருக்கும். அகன்ற தாச்சியில் ஊற்றி, கீழே காவோலையும் பனமட்டையும் உடைமர விறகும் வைத்து எரிப்போம். காவோலை பற்றிய வேகத்தில் எரிந்து தீரும். அதனால் அடுப்பை விட்டு அசைய முடியாது. கொதி வந்ததும் நுரை பொங்கிக்கொண்டு விளிம்புக்கு வரும். அப்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டால் சட்டென்று அடங்கும். முதலில் வெளுத்த தண்ணீராக இருந்தது மஞ்சளாகி, பிறகு தேன் நிறத்துக்கு வந்து, கடைசியில் காப்பிக்கொட்டை நிறத்தில் பாகாகக் குறுகும். கொதியின் சத்தமே மாறும். சலசலவென்று இருந்தது கொளக் கொளக் என்று கனத்துப் பேச ஆரம்பித்தால் எழுந்து நின்றுகொள்ள வேண்டும். தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்போம். உருண்டால் பதம். கரைந்தால் இன்னும் கொஞ்சம் தீ வேண்டும். உருட்டியது டக்கென்று உடைந்தால் பதம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பதம் தாண்டினால் கருப்பட்டி கருகிக் கசக்கும். இறக்கி, துடுப்பால் கிண்டி, வரிசையாகச் சிரட்டைகளில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் உறைந்து கட்டியாகும். பத்து லிட்டர் பதனீருக்கு ஒரு கிலோ சொச்சம் கிடைத்தால் நல்ல பதனீர்.

சித்திரை வெயிலில், ஓலைக் கூரைக்குக் கீழே, அந்தத் தீக்கு முன்னால் மூன்று நான்கு மணி நேரம். வாடகைக்கு மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும்.

என் மாமியாருக்கு ஒரு பழக்கம். மாமனார் விடிகாலையில் புறப்படும்போது, அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டி, முருக்குத்தடியைத் தோளில் சாத்திக்கொண்டு நிற்பார். அத்தை, காலில் மாட்டி ஏறுகிற தளைநாரைக் கையில் வாங்கி, ஒரு முனையைக் கால்பெருவிரலில் மாட்டி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார்கள். நார் எங்காவது பிசிறியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் விரலால் தடவிக்கொண்டே போவார்கள். அதற்குப் பிறகுதான் தலையில் முக்காடு போட்டு ஜெபம். எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. முதலில் ஜெபம் பண்ணிவிட்டு அப்புறம் நாரைப் பார்த்தால் என்ன என்று கேட்டேன்.

"ஜெபம் பண்ணுன பெறகு நாரை இழுத்துப் பாத்தா, பண்ணுன ஜெபத்த நம்பலன்னு ஆயிருமேட்டி. அதனால நம்ம சோலிய மொதல்ல முடிச்சிரணும். மிச்சந்தான் அவருக்கு."

விசுவாசத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக நான் எந்தக் கன்வென்ஷன் மேடையிலும் கேட்டதில்லை. நார் பிசிறியிருப்பது நமக்குத் தெரியும், தெரிந்துகொள்ளவும் முடியும். அதைக் கர்த்தரிடம் தள்ளிவிடக் கூடாது. மரத்தின் பாதி உயரத்தில் குளவிக்கூடு புதிதாகக் கட்டியிருக்கிறதா, காற்று எந்நேரம் சுழற்றும், இதெல்லாம் நம் கைக்கு எட்டாதவை. எட்டாததை மட்டும் அவரிடம் கொடுத்தால் போதும் என்பது அத்தையின் கட்சி.

மாமனார் இதையே வேறு விதமாகச் சொல்வார். இயேசுவைப் பிசாசு தேவாலயத்து உப்பரிகையின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சொன்ன இடத்தை வாசிக்கும்போது அவருக்கு உற்சாகம் வந்துவிடும். "பாத்தியா, அவரு குதிக்கல. ஒசரத்துல நிக்கவனுக்குத்தான் அது தெரியும்" என்பார். பனையேறி ஒருவர் அந்த அதிகாரத்துக்குச் சொன்ன உரை அது. எந்த வியாக்கியானப் புத்தகத்திலும் இந்தக் கோணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சங்கதி ஒன்று உண்டு. இஸ்ரவேலருக்கு ஆறாம் நாளில் இரட்டைப் பங்கு மன்னா விழுந்தது, ஏழாம் நாள் அவர்கள் எடுக்கப் போக வேண்டியிருக்கவில்லை. பனைக்கு அந்த ஒழுங்கு தெரியாது. பாளையை இடுக்கிப் பதப்படுத்திய பிறகு, தினமும் முனையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மறுபடி ஊறுவதற்கு நாட்கள் ஆகும், சில பாளை ஊறாமலே போகும். அதனால் ஞாயிறும் ஏறித்தான் ஆக வேண்டும். வெள்ளைக்கார ஐயர்மார் காலத்திலிருந்தே இதில் வாக்குவாதம் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓய்வுநாளை ஆசரி என்கிறது கட்டளை, வந்து சீவு என்கிறது பாளை.

எங்கள் மாமனார் வீட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஞாயிறு ஏறுவார்கள், சீவுவார்கள், இறக்குவார்கள். ஆனால் அன்றையப் பதனீர் அடுப்பேறாது. முதல் மணி அடிக்குமுன் வேலையை முடித்து, ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்கு, வழிப்போக்கர்களுக்கு, எந்தச் சாதிக்காரராக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், ஓலைப் பட்டை பிடித்துச் சும்மா ஊற்றுவார்கள். மீந்ததை மாட்டுக் கழனித் தொட்டியில் ஊற்றுவார்கள். அது சீசனுக்கு ஏழில் ஒரு பங்கு. சின்னக் கணக்கு இல்லை. வியாபாரியின் நோட்டில் எங்கள் பாக்கி ஏறிக்கொண்டிருந்த ஒரு வருஷம், ஞாயிற்றுப் பதனீரையும் காய்ச்சினால் கடன் சீக்கிரம் அடையுமே என்று அத்தையிடம் கேட்டேன். மோசேயை இழுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் சொன்னது வேறு. "காய்ச்சுனா காசு வரும். ஆனா வாரத்துல எந்த நாளு நமக்கு மொகத்துல அனல் அடிக்காம இருக்கும்? ஆம்பளைக அன்னைக்கும் ஏறத்தான் செய்யாங்க. ஓய்வுநாள் நம்ம ரெண்டு பேருக்குந்தான்ட்டி."

சிரித்துவிட்டேன். இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை எங்கள் விடிலியில் புகை எழும்பாது.

இனி எழுதக் கஷ்டமான ஒன்று. என் வீட்டுக்காரருடைய தம்பி பனையிலிருந்து விழுந்தார். ஒரு சித்திரை விடியற்காலை, யாரும் எதிர்பாராமல் சாரல் விழுந்து நின்ற பிறகு, கடைசி இரண்டு மரம்தானே என்று ஏறியிருக்கிறார். நார் அறுந்துபோகவில்லை. அன்றைக்கும் இழுத்துப் பார்த்த நார்தான். பட்டை ஈரத்தில் கால் நழுவியது. உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. சில வருஷம் கட்டிலில் கிடந்து, முதுகில் புண் வந்து, செத்துப்போனார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

அவர் கட்டிலில் கிடந்த காலத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் பேசிவிட்டு, எங்கள் வீட்டுக்கும் ஜெபிக்க வந்தார். ஜெபித்தார். கட்டிலில் இருந்தவர் எழும்பவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருக்கிறது, சோதித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கொழுந்தன் மனைவி அதை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பல மாதம் அவள் இரவில் தூங்காமல், எந்தப் பாவத்துக்கு இது என்று தன்னையே குடைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். விழுந்தவனுக்கு முதுகுதான் முறிந்தது. அந்த ஒரு வார்த்தை இவளுடைய உள்ளத்தை முறித்துவிட்டது.

எங்கள் சேகரத்து ஐயர்வாள் அடுத்த வாரம் வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். ரொம்பப் பேசவில்லை. லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து, சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த இடத்தை வாசித்தார். செத்தவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அவரே இல்லை என்று பதில் சொல்கிறார். ஐயர்வாள் அந்த இல்லையை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். பிறகு கொழுந்தன் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கட்டிலில் கிடந்தவருக்கு அருகே உட்கார்ந்து, இந்த வருஷம் பாளை எப்படி என்று பேச ஆரம்பித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு என் கொழுந்தன் தொழிலைப் பற்றி வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

இதைச் சொல்லும்போது என் குரல் ஏறும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சொன்னபோதும் ஏறியது. நம்பிக்கை இருந்தால் விழமாட்டாய் என்று பனையேறி ஊரில் ஒருவர் பிரசங்கித்தால், அந்த ஊரில் விழுந்தவன் வீடு எது என்று அவர் முதலில் விசாரித்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. நம்பின எத்தனையோ பேர் விழுந்திருக்கிறார்கள். விழுந்தவர்களில் பலர் அதற்குப் பிறகும் நம்பினார்கள். என் கொழுந்தன் சாகிற வாரத்தில்கூட இராத்திரி ஜெபத்துக்குத் தன்னைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். காரணம் தெரியாமல் நம்புவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் திரும்பிப் படுத்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில் கடன் ஏறியது. ஆஸ்பத்திரிச் செலவு, இரண்டு வீட்டுச் சாப்பாடு. மழைக்காலத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். சீசன் வந்ததும் அவர் சொல்கிற விலைக்குக் கருப்பட்டியாகக் கொடுத்துக் கழிக்க வேண்டும். அப்படி ஒரு வருஷம் நாங்கள் பாக்கியில் நின்றபோது, வியாபாரி அண்ணாச்சி தன்மையாகவே ஒரு யோசனை சொன்னார். "ஊர்ல எல்லாரும் செய்யுததுதான். தாச்சிக்குக் கொஞ்சம் சீனி போட்டா எடை கூடும், கட்டியும் பளபளன்னு இருக்கும். ஒங்க கடன் ரெண்டு வருசத்துல தீந்துரும்."

கணக்கு எனக்கும் தெரியும். சீனி கிலோ 40 ரூபாய் சொச்சம் விற்கிற காலத்தில் அசல் கருப்பட்டி 300 ரூபாயைத் தாண்டும். நடுவில் இருக்கிற வித்தியாசம் ஆசை காட்டாத ஆள் கிடையாது. சீனி போட்ட கருப்பட்டியைக் கண்டுபிடிக்கவும் எல்லாருக்கும் தெரியாது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடிப் பிசிர் மாதிரி மின்னும், வாயில் போட்டால் கரிப்புச் சுவை அடியில் இருக்காது, தித்திப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

அண்ணாச்சியின் யோசனைக்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நேர்மைக்குப் பரிசாக ஆசீர்வாதம் வந்து குவிந்தது என்று இந்த இடத்தில் எழுதினால் சாட்சி மாதிரி இருக்கும். வரவில்லை. கடன் மெதுவாகத்தான் அடைந்தது. சாறிபாத் ஊர் விதவையின் வீட்டில் எலியா தங்கியிருந்தபோது பானையில் மா செலவழிந்துபோகவில்லை, கலசத்தில் எண்ணெய் குறையவில்லை என்று வாசிக்கிறோம். பானை நிரம்பி வழிந்தது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் அடிமாவை வழித்துத்தான் எடுத்திருக்க வேண்டும். அடுத்த வேளைக்கு இருக்குமா என்று ஒவ்வொரு வேளையும் எட்டிப் பார்த்திருப்பாள். எங்கள் வீட்டில் நடந்ததும் அவ்வளவுதான். பிள்ளைகள் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. ஒரு நாளும் பானையை நாங்கள் எட்டிப் பார்க்காமல் இருக்கவும் இல்லை.

2020-ஐச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாரும் பட்டதுதான். மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தபோது எங்களுக்குப் பதனீர் பொங்கி வருகிற பங்குனி மாதம். உலகம் நின்றது, பாளை நிற்கவில்லை. ரோட்டோரம் பதனீர் குடிக்க ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் காய்ச்சினோம். வாங்க வண்டி வரவில்லை. வீட்டுக்காரர் வருஷா வருஷம் குருத்தோலை ஞாயிற்றுக்கு ஆலயத்துக்குக் குருத்து வெட்டிக் கொடுப்பவர். அந்த வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி ஆலயம் பூட்டியிருந்தது, குருத்தெல்லாம் மரத்திலேயே நின்றது. மரத்துக்கு அதுவும் நல்லதுதான் என்றார். ஈஸ்டர் ஆராதனையை மகனுடைய செல்போனில் பார்த்தோம். கருப்பட்டி பரணில் இருந்தது, கெட்டுப்போகவில்லை. பிறகு சுக்குக் காப்பிக்கென்று பட்டணத்திலிருந்து கேட்டு வந்தார்கள், விற்றது.

பதனீர் நாளைக்கு நிற்காது என்றேன். கருப்பட்டி நிற்கும், அதற்காகத்தானே காய்ச்சுகிறோம். அன்றன்றைக்குள்ளதை அன்றன்றைக்கு வாங்கிக்கொள்வது என்றால் சேர்த்து வைக்காதே என்று அர்த்தமில்லை. எகிப்தில் யோசேப்பும் களஞ்சியம் கட்டியவன்தான். சீசனில் காய்ச்சியதில் ஒரு பங்கை விற்காமல், ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைப்போம். புகை இருந்தால் ஈரம் அண்டாது, வண்டு வராது. கார்த்திகை மார்கழியில் விலை ஏறும்போது விற்று, கிறிஸ்மஸ் துணிமணி, பிள்ளைகள் படிப்பு, அடுத்த வருஷப் பாட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோம். எங்களுக்கு அதுதான் பேங்க்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம். காலை ஆராதனைக்குக் குடை பிடித்துக்கொண்டு போனோம், குடைக்கு அடங்காத மழை. அன்றும் மறுநாளும் பெய்த பெய் எங்கள் ஆயுசில் பார்க்காதது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் பதிவாயிற்று என்று பிறகு பேப்பரில் பார்த்தோம். அந்த ஊருக்கு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம் என்றார்கள். குளங்கள் உடைந்தன, ரோடு அறுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான ஆட்களோடு நின்றுபோயிற்று.

எங்கள் வீடு தேரி ஓரம் என்பதால் வெள்ளம் ஆளை அடிக்கிற அளவு வரவில்லை. மேலே இருந்துதான் வந்தது. பின்பக்கச் சுவர் ஊறிச் சரிந்து, அடுக்களைக் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. விடிந்து பார்த்தபோது, நின்றிருந்த சுவரில் மேலிருந்து கீழாகக் கருஞ்சிவப்பாகக் கோடு கோடாக இறங்கியிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு. பரணில் இருந்த கருப்பட்டி கரைந்து சுவர் வழியே வடிந்திருக்கிறது. தரையில் தேங்கிய தண்ணீரே பானகம் மாதிரி நிறம் மாறிக் கிடந்தது. ஓலைப்பெட்டிகளை இறக்கினால் அடிப்பெட்டியில் மட்டும் கொஞ்சம் கட்டி மிச்சம், அதுவும் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஈரம் பட்ட கருப்பட்டியைத் திரும்பத் தாச்சியில் போட்டுக் காய்ச்சிப் பதம் எடுக்கலாம். மண் விழுந்ததை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சீசன் முழுவதும் முகத்தில் வாங்கிய அனல் அந்தத் தண்ணீரில் கிடந்தது.

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன், அவர் மேல்தான்.

அந்த வாரம் ஐக்கிய சங்கப் பெண்கள், அதிகம் சேதப்படாத ஊர்களிலிருந்து, அரிசியும் பாயும் மண்ணெண்ணெய் அடுப்பும் கொண்டு வந்தார்கள். அரசு நிவாரணம் 6,000 ரூபாய் அறிவித்தது. ஆலயத்தில் ஈரப் பாயை ஒதுக்கிவிட்டுக் கிறிஸ்மஸ் ஆராதனை நடந்தது. அதற்கு முந்தின நாள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என்னை ஸ்தோத்திர ஜெபம் பண்ணச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், ஸ்தோத்திரம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, சீனி போடாத கருப்பட்டி அது. உமக்கே தெரியும். ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்களை விட்டுவிடாதேயும்" என்று சொல்லி ஆமென் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பண்ணினதுதான் ஜெபம் என்றாள். ஐயரம்மா, நடத்துகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று முதலில் சங்கடப்பட்டார்கள், பிறகு அவர்களே சங்கீதப் புத்தகத்தில் எத்தனை சங்கீதம் முறையீடு என்று எண்ணிப் பார் என்றார்கள். தாவீது ராஜா கேட்ட கேள்விகளுக்கு முன்னால் நான் கேட்டது ஒன்றுமே இல்லை. எதுவரைக்கும் மறந்திருப்பீர் என்று கேட்கிறவன் எதிரில் ஆள் இருக்கிறது என்று நம்புகிறவன்தானே. யாரும் இல்லாத வீட்டு வாசலில் நின்று எவனும் சண்டை போடுவதில்லை.

தை பிறந்தது. அவ்வளவு தண்ணீர் குடித்த மரங்களில் பாளை நன்றாகத்தான் வந்தது. இதைக் கர்த்தர் செய்த ஈடு என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. அதே மழையில் ஆட்கள் செத்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கு எந்தப் பாளை ஈடு? மழை பெய்தால் பனை ஊறும், அது மரத்தின் சுபாவம். நான் நன்றி சொன்னது ஒன்றுக்குத்தான்: முதல் தாச்சியை அடுப்பேற்ற என் கை நடுங்காமல் இருந்ததற்கு. லெந்து நாட்களில் முதல் கருப்பட்டியை வழக்கம்போல ஆலயத்துக்குக் கொடுத்தோம். ஏலத்தில் எடுத்தவர், வெள்ளத்தில் எங்களைவிட அதிகம் இழந்த ஒருவர்.

வீட்டுக்காரர் இப்போது ஏறுவதைக் குறைத்துவிட்டார். முழங்கால் விடுவதில்லை. மகன் ஏறுகிறான். வெளிநாட்டுக்குப் போக இருந்தவன், ஏன் நின்றான் என்று நான் கேட்கவில்லை. புரட்டாசியில் பனம்பழக் கொட்டைகளைச் சேர்த்துத் தேரி ஓரத்தில் ஊன்றுவது வீட்டுக்காரரின் புது வேலை. 2021-ல் அரசாங்கம் போட்ட தனி வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்போம் என்று சொன்னார்கள். அதற்கு முன்பிருந்தே இவர் ஊன்றுகிறார். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பனை பாளை விட பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். இவருடைய வயதுக்கு அந்தப் பதனீர் கிடைக்காது. கேட்டால், "நான் இறக்குன பனை ஒண்ணாவது நான் வச்சதா?" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

பனையேறிக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. விழுந்தவனுக்கும் விழுந்தவன் குடும்பத்துக்கும் உதவித்தொகை கொடுக்கிறார்கள். பதிவு பண்ணியிருந்தால்தான் கிடைக்கும், அட்டையைப் புதுப்பித்தும் வைத்திருக்க வேண்டும். என் கொழுந்தன் பதிவு பண்ணியிருக்கவில்லை. எங்கள் ஊரில் இன்னும் பாதிப் பேர், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டு அலையாமல் இருக்கிறார்கள். ஆதார் நகலும் போட்டோவும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் ஆராதனை முடிந்து ஆலய வாசலில் என்னிடம் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருப்பேன். பதனீரும் இருக்கும்.